ஆயா பாடிய பாட்டும் ஆறு பியானோப் புத்தகங்களும்: பேலா பார்டோக்கின் வாழ்க்கை

பியானோ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது வழக்கமாக நடப்பது. பிள்ளை ஐந்தாம் கிரேடு முடித்து ஆறாம் கிரேடுக்குப் போகும். தேர்வுக்கு மூன்று உருப்படிகள். ஆண்டின் தொடக்கத்தில் எடுத்த அந்த மூன்றையும் தேர்வு நாள்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவை மனப்பாடமாகிவிடும். தேர்வு முடிந்து சான்றிதழ் வந்தவுடன் பியானோ மூடி சாத்தப்படும். வீட்டுக்கு வந்த மாமா ஏதாவது வாசித்துக் காட்டும்மா என்று கேட்டால், பழைய மூன்றும் மறந்திருக்கும். புதிதாக எதுவும் கைவசம் இருக்காது.

தொடக்க நிலைக்கு எளிய புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. உச்சத்தில் பீத்தோவன், ஷோபேன் போன்றோரின் பெரிய படைப்புகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, ஐந்தாம் கிரேடு தொடங்கி எட்டாம் கிரேடைத் தாண்டும் வரையிலான காலத்தில்தான் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கைக்கு எட்ட வேண்டும், காதுக்குப் புதிதாக இருக்க வேண்டும், வாசிக்கிற பிள்ளையைச் சிறுபிள்ளையாக நடத்தாத இசையாகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட உருப்படியை எங்கே தேடுவது?

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குறையை உணர்ந்து, அதைத் தீர்க்கத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் இருந்தார். அவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்டோக். பிள்ளைகளின் தேர்வுப் புத்தகங்களில் அவர் பெயரைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், அந்த உருப்படிகள் வேறு மாதிரி ஒலிக்கும்.

தகப்பனை இழந்த பிள்ளை

பார்டோக் 1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி நாகிசென்ட்மிக்லோஷ் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று ஹங்கேரியில் இருந்த அந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது. தந்தை ஒரு வேளாண்மைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். இசையில் ஆர்வம் கொண்டவர். தாயார் பவுலாவும் ஆசிரியைதான்.

குழந்தைப் பருவம் சுகமாக இல்லை. அம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு உடலெங்கும் தோல்நோய் பரவியது. ஐந்து வயதுவரை அது விடவில்லை. மற்றப் பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே வளர்ந்தார். அந்தத் தனிமையில் தாயார் வாசித்த பியானோதான் துணை. ஐந்தாவது பிறந்தநாள் அன்று தாயார் அவருக்கு முதல் பாடத்தைத் தொடங்கி வைத்தார்.

1888இல் தந்தை இறந்தார். பேலாவுக்கு அப்போது ஏழு வயது. தங்கைக்கு இன்னும் குறைவு. இரு பிள்ளைகளையும் தாயார் தம் ஆசிரியைச் சம்பளத்தில் வளர்த்தார். வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பம் மாறிக்கொண்டே இருந்தது. இன்று உக்ரேனில் உள்ள நாகிசோலோஷ் என்ற ஊரில், 1892 மே 1ஆம் தேதி, 11 வயதில் முதன்முறையாக மேடையேறினார். அன்று வாசித்தவற்றுள் அவரே இயற்றிய ஓர் உருப்படியும் இருந்தது. டான்யூப் ஆறு ஓடும் வழியை இசையில் சொன்ன உருப்படி அது.

1894இல் குடும்பம் போஜோனி நகரில் நிலைகொண்டது. இன்றைய ஸ்லோவாக்கியாவின் தலைநகரம் பிராட்டிஸ்லாவா அதுதான். அங்கே நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வியன்னா இசைக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஐரோப்பிய இசைக்கே தலைநகரம் போன்ற ஊர் வியன்னா. ஆயினும் அவர் அதை ஏற்கவில்லை. தமக்கு மூத்த மாணவரான எர்னோ டோனாயி போன வழியில் 1899இல் புடாபெஸ்ட் இசைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பியானோ கற்பித்தவர் இஷ்ட்வான் தோமான். இவர் புகழ்பெற்ற ஃபிரான்ஸ் லிஸ்டின் மாணவர். படிப்பின் நடுவே நுரையீரல் நோய் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். மீண்டு வந்து படிப்பை முடித்தார்.

சமையலறைப் பக்கம் கேட்ட குரல்

இளைஞர் பார்டோக்குக்கு நாட்டுப்பற்று அதிகம். 1848ஆம் ஆண்டு ஹங்கேரிய விடுதலைப் போரின் தலைவர் கொஷூத்தைப் போற்றும் பெரிய வாத்தியக்குழுப் படைப்பை 1903இல் எழுதினார். ஆஸ்திரியாவின் தேசியகீதத்தை அதில் கோணலாக்கிக் காட்டியதால் பெரும் சலசலப்பு எழுந்தது. அவர் பெயரும் பரவியது. ஆனால் அப்போது அவர் ஹங்கேரிய இசை என்று நம்பியது, நகர உணவகங்களில் ஜிப்சிக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைத்தான். லிஸ்ட் காலம் தொட்டு உலகமும் அப்படித்தான் நம்பியிருந்தது.

அந்த நம்பிக்கையைக் கலைத்தவர் வீட்டு வேலைக்கு வந்த ஓர் இளம்பெண். 1904ஆம் ஆண்டுக் கோடையில், அமைதியாக உட்கார்ந்து எழுதுவதற்காகப் பார்டோக் வடக்கே ஒரு கிராமப்புற வீட்டில் தங்கியிருந்தார். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள டிரான்சில்வேனியாவிலிருந்து வந்திருந்தவர் லீடி டோஷா. அவர் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு பார்டோக்கின் காதில் விழுந்தது. நகரத்தில் அவர் அதுவரை கேட்டிராத மெட்டு. கூப்பிட்டுத் திரும்பப் பாடச் சொன்னார், எழுதிக்கொண்டார். பாட்டியிடமிருந்தும் ஊராரிடமிருந்தும் கற்ற வேறு பாட்டுகளையும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆயாக் கொட்டகையில் தொட்டிலை ஆட்டியபடி ஆயா பாடும் பாட்டை யாரும் எழுதி வைப்பதில்லை. அதைப் பெரிய இசை என்றும் யாரும் எண்ணுவதில்லை. பார்டோக் எண்ணினார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கை திசை மாறியது.

மெழுகு உருளையோடு ஊர் ஊராக

1905இல் பாரிசில் நடந்த ரூபின்ஸ்டைன் போட்டியில் பியானோவுக்கு அவருக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. முதலிடம் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பாக்ஹவுசுக்குப் போனது. தோல்வி மனத்தை வருத்தியது. அதே ஆண்டில்தான் வாழ்நாள் நண்பரான ஜோல்தான் கோடாயின் பழக்கமும் ஏற்பட்டது. நாட்டுப் பாடல்களை முறையாகச் சேகரிக்கும் வழியைக் கோடாய் அறிந்திருந்தார். 1906இல் இருவரும் சேர்ந்து 20 ஹங்கேரிய நாட்டுப் பாடல்களைப் பியானோத் துணையோடு வெளியிட்டார்கள். நகரத்து மக்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புத்தகம் மெதுவாகத்தான் விற்றது.

இருவரும் சோர்ந்துவிடவில்லை. எடிசன் கண்டுபிடித்த போனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். பாடுகிறவர் குழல் வாயருகே நின்று பாட வேண்டும். குரலின் அதிர்வு சுழலும் மெழுகு உருளையில் கோடாகப் பதியும். ஓர் உருளையில் சில நிமிடங்களே பிடிக்கும். தூசி பறக்கும் பாதை, மாட்டுவண்டி, தங்க நல்ல இடம் இல்லாத ஊர்கள் என்று பயணம் தொடர்ந்தது. பார்டோக் உடல் மெலிந்தவர், அடிக்கடி நோய்வாய்ப்படுபவர், அதிகம் பேசாதவர். ஆனால் கிராமத்து மக்களோடு இருந்த நாட்களே தம் வாழ்வில் மகிழ்ச்சியான நாட்கள் என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பாட்டு எளிதில் கிடைக்கவில்லை. வயதான பெண்கள் வெட்கப்பட்டார்கள். பட்டணத்துப் படித்த மனிதர் நம்மைக் கேலி செய்ய வந்திருக்கிறாரோ என்று ஐயப்பட்டார்கள். பழைய பாட்டு கேட்டால் தேவாலயப் பாட்டைப் பாடுவார்கள். இல்லையென்றால் பட்டணத்திலிருந்து வந்த புதுப் பாட்டைப் பாடுவார்கள். பொறுமையாகக் காத்திருந்து, பேச்சுக் கொடுத்து, பாட்டி காலத்துப் பாட்டை வெளியே கொண்டுவர வேண்டும். 1907இல் டிரான்சில்வேனியாவின் சீக் பகுதிக்குப் போனபோது, ஐந்தே சுரங்களில் அமைந்த மிகப் பழைய மெட்டுகள் அவருக்குக் கிடைத்தன. நம் சுத்த தன்யாசி ராகத்தைக் கேட்டவர்களுக்கு அந்தச் சுர அமைப்பு அந்நியமாக இராது. ஹங்கேரிய இசையின் வேர் இங்கே இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஹங்கேரியரோடு அவர் நின்றுவிடவில்லை. ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாடல்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா வட்டாரத்துக்குப் போய் அரபு மக்களின் இசையைப் பதிவு செய்தார். 1936இல் துருக்கியிலும் இதே பணியைச் செய்தார்.

ஆசிரியரின் மேசையில் பிறந்த புத்தகங்கள்

1907இல் தம் ஆசிரியர் தோமானின் இடத்தில் புடாபெஸ்ட் இசைக் கழகத்தின் பியானோப் பேராசிரியரானார். இசை இயற்றுவதைக் கற்பிக்க அவர் எப்போதும் மறுத்தார். பியானோவை மட்டுமே கற்றுக்கொடுத்தார். 1934 வரை 27 ஆண்டுகள் அந்தப் பணி நீடித்தது. ஆகவே மாணவர் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆசிரியராக அவர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, பழைய மேதைகளின் படைப்புகளை மாணவர்களுக்காகப் பதிப்பித்தது. பாக்கின் 48 பிரெலூடு, ஃபியூக் உருப்படிகளை அச்சிட்டபோது, வழக்கமான சுர வரிசையை விட்டுவிட்டு, எளியது முதலில் கடினமானது கடைசியில் என்று அடுக்கிக் கொடுத்தார். எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் திண்டாடும் மாணவருக்கு அந்த வரிசையே ஒரு வழிகாட்டி.

பழையதை அடுக்கியதோடு அவர் நிறுத்தவில்லை. புதிய உருப்படிகளையும் எழுதினார். 1908இல் வந்த ‘பத்து எளிய உருப்படிகள்’ தொகுப்பில் ‘டிரான்சில்வேனியாவில் மாலைப்பொழுது’, ‘கரடி நடனம்’ இரண்டும் இன்றுவரை மாணவர்களின் விருப்பமானவை. அதே காலத்தில் ‘சிறுவர்களுக்காக’ என்ற தொகுப்பைத் தொடங்கினார். ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய நாட்டு மெட்டுகளை எடுத்து 85 சிறு உருப்படிகளாக்கினார். சின்னக் கைகளுக்கு ஏற்றபடி, ஒரு ஸ்தாயி அகலத்துக்கு விரல் நீட்ட வேண்டிய தேவை இல்லாமல் எழுதினார். மெட்டு கிராமத்துடையது. அதன் கீழே இடக்கை வாசிக்கும் சுரங்கள் பார்டோக்குடையவை. அவற்றில் புதுமை இருக்கும், ஆனால் வாசிக்கும் பிள்ளையை மிரட்டாது. நோயுற்றிருந்த 1943ஆம் ஆண்டிலும் இந்தத் தொகுப்பை எடுத்துத் திருத்தி, 79 உருப்படிகளாக்கினார். பிள்ளைகளுக்குத்தானே என்று அவர் எதையும் அலட்சியமாக விடவில்லை.

போரும் பழிச்சொல்லும்

1909இல் தம் மாணவி மார்தா சீக்லரை மணந்தார். அடுத்த ஆண்டு மூத்த மகன் பேலா பிறந்தான். 1911இல் எழுதிய ‘நீலத்தாடிக் கோமகனின் கோட்டை’ என்ற இசை நாடகத்தைப் போட்டிக்கு அனுப்பினார். மேடைக்கு ஏற்றதல்ல என்று தள்ளிவிட்டார்கள். மனம் வெறுத்துப்போய்ச் சில ஆண்டுகள் பொது மேடைகளிலிருந்து விலகினார். நாட்டுப் பாடல் வேலைதான் அவரைத் தாங்கியது.

முதல் உலகப்போரில் உடல்நிலை காரணமாக அவர் படையில் சேர்க்கப்படவில்லை. அந்தப் போர்க்காலத்தில், 1915இல், இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ பிறந்தன. டிரான்சில்வேனியக் கிராமங்களில் கேட்ட வயலின், குழல் மெட்டுகளை ஆறு சிறு நடனங்களாகப் பியானோவில் அமைத்தார். அதே ஆண்டில் ருமேனிய மெட்டுகளை வைத்தே மூன்று பகுதி கொண்ட ‘சொனாட்டினா’ ஒன்றையும் எழுதினார்.

போர் முடிந்தது. 1920ஆம் ஆண்டின் டிரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பார்டோக் பிறந்த ஊர் ருமேனியாவுக்குப் போனது. படித்த ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. அவர் பாட்டு சேகரித்த கிராமங்களில் பெரும்பாலானவை எல்லைக்கு அப்பால் போய்விட்டன. அதற்குப் பிறகு பழையபடி ஊர் ஊராகப் போக முடியவில்லை.

இன்னொரு வேதனையும் சேர்ந்தது. பகை நாடாகிவிட்ட ருமேனியாவின் இசையை ஆராய்கிறார், நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சொந்த நாட்டிலேயே பழித்தார்கள். ருமேனியத் தரப்பில் சிலர் அவரை வேறு விதமாகக் குறை சொன்னார்கள். இரு பக்கமும் அடி வாங்கினாலும் அவர் நிலை மாறவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் வாழும் மக்களின் பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்தும் கொடுத்தும் வளர்ந்தவை, அந்தக் கலப்பில்தான் அவற்றின் வளம் இருக்கிறது என்பதே அவருடைய உறுதியான கருத்து.

மகனுக்காக எழுதிய பாடங்கள்

1923இல் முதல் திருமணம் முறிந்தது. அதே ஆண்டில் பியானோ மாணவி டிட்டா பாஸ்டோரியை மணந்தார். 1924இல் இளைய மகன் பீட்டர் பிறந்தான்.

1933இல், பீட்டருக்கு ஒன்பது வயதானபோது, தந்தையே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வழக்கமான பயிற்சிப் புத்தகம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. முதலில் பாட மட்டும்தான் வைத்தார்; கட்டையைத் தொடுவது பிறகுதான். பாடத்தின் நடுவே திடீரென்று மகனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேசைக்குப் போவார். பேனா தாளில் கீறும் சத்தம் மட்டும் கேட்கும். சில நிமிடங்களில் மை காயாத ஒரு புதிய உருப்படியோடு திரும்பி வருவார். மகன் அதை அங்கேயே பார்த்து வாசித்து, அடுத்த வகுப்புக்குள் பழகி வர வேண்டும். நாளாக ஆக மகன் கற்கும் வேகத்தைவிடத் தந்தை எழுதும் வேகம் கூடிவிட்டது. பீட்டர் பின்னாளில் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளால் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது.

1926இல் எழுதத் தொடங்கிய சில உருப்படிகளும், மகனுக்காக எழுதியவையும், அதன் பின் சேர்த்தவையும் ஒன்றாகி ‘மைக்ரோகாஸ்மோஸ்’ என்ற பெருந்தொகுப்பாயின. ‘சிற்றுலகம்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1939இல் எழுதி முடித்தார். ஆறு புத்தகங்கள், மொத்தம் 153 உருப்படிகள். முதலிரண்டு புத்தகங்களைப் பீட்டருக்குக் காணிக்கையாக்கினார்.

முதல் உருப்படியில் இரண்டு கைகளும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும். ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை. 153ஆம் உருப்படியோ பெரிய மேடைக் கலைஞர்கள் கச்சேரியில் வாசிக்கும் தரம். இடையில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு புதிய சிக்கலை மாணவர் முன் வைக்கிறது. ஓரிடத்தில் இரண்டு கைகளும் வெவ்வேறு சுர அமைப்பில் போகும். இன்னோரிடத்தில் ஒரு கை அழுத்தமாக, மறு கை மெல்லியதாக வாசிக்க வேண்டும். சில உருப்படிகளில் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும். சிலவற்றை இரண்டு பியானோவில் இருவர் வாசிக்கலாம். ஐந்தாம் புத்தகத்தில் ‘படகு விடுதல்’, ‘ஊர்ச் சிரிப்பு’, ‘தோல்பைக் குழல்’ போன்ற தலைப்புகள் வரும். ஆறாம் புத்தகத்தில், சிலந்தி வலையில் சிக்கித் தப்பிக்கும் ஈயின் கதையைச் சொல்லும் ‘ஓர் ஈயின் நாட்குறிப்பு’ இருக்கிறது.

கடைசி ஆறு உருப்படிகள் பல்கேரியத் தாளத்தில் அமைந்த நடனங்கள். மேற்கத்திய இசை படிக்கும் பிள்ளைகள் இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கைக்குப் பழகியவர்கள். இந்த நடனங்களிலோ ஐந்தும், ஏழும், ஒன்பதும் வரும். எட்டு வந்தாலும் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிந்து வரும். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தகதிமி தகிட என்று வாயால் சொல்லிக் கையால் தட்டிப் பார்த்தால் ஏழு எண்ணிக்கை பிடிபட்டுவிடும்.

நாடு விட்டுப் போன வாழ்வு

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியில் வாசிப்பதைப் பார்டோக் நிறுத்திக்கொண்டார். 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது. வியன்னாவிலிருந்த அவருடைய பதிப்பகம் நாஜிகளின் கைக்குப் போனது. இசைஞர்கள் தங்கள் வம்சாவளியைச் சொல்ல வேண்டும் என்று ஒரு படிவமும் வந்தது. அவரும் கோடாயும் அதை நிரப்ப மறுத்தார்கள். யூதரல்லாத அவர் நிரப்பிக் கொடுத்திருந்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வந்திருக்காது. அந்தக் கேள்வியே தவறு என்பதுதான் அவர் நிலை. தம் படைப்புகளை லண்டனில் உள்ள பூசி அண்ட் ஹாக்ஸ் பதிப்பகத்துக்கு மாற்றினார். மைக்ரோகாஸ்மோஸ் 1940இல் அவர்கள் வழியாகத்தான் வெளிவந்தது.

நாட்டை விட்டுப் போக மனம் துடித்தாலும் வயதான தாயாரை விட்டுப் போக முடியவில்லை. 1939 டிசம்பரில் தாயார் மறைந்தார். 1940 அக்டோபரில் பார்டோக்கும் டிட்டாவும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். போகுமுன் எழுதிய உயிலில் ஒரு நிபந்தனை வைத்தார். புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி பெயர்களில் சதுக்கங்கள் இருக்கும் வரை, ஹங்கேரியில் எந்தத் தெருவுக்கும் தம் பெயரை வைக்கக் கூடாது என்பதே அது.

நியூயார்க் வாழ்க்கை கடினமாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்து, செர்பிய, குரோவாசியப் பாடல் பதிவுகளை ஆராயும் தற்காலிக வேலையும் கொடுத்தது. கச்சேரி வாய்ப்புகள் குறைவு. கையில் பணம் குறைவு. உடல்நிலை சரிந்தது. 1943இல் எடை 40 கிலோவுக்கும் கீழே போனது. மருத்துவச் செலவை அமெரிக்க இசை இயற்றுநர் சங்கம் ஏற்றது.

அந்த ஆண்டு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவரைத் தேடிப் பாஸ்டன் வாத்தியக்குழுவின் நடத்துநர் கூசெவிட்ஸ்கி வந்தார். 1,000 டாலருக்கு ஒரு புதிய படைப்பு கேட்டார். அவரிடம் சொல்லி இதை ஏற்பாடு செய்தவர்கள் பார்டோக்கின் ஹங்கேரிய நண்பர்களான சிகெட்டியும் ரைனரும்தான். தர்மமாகக் கொடுத்தால் பார்டோக் வாங்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். உழைப்புக்கான கூலி என்றதால் ஏற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘வாத்தியக்குழுவுக்கான கான்செர்டோ’. 1944 டிசம்பர் 1ஆம் தேதி பாஸ்டனில் அரங்கேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

வரவேற்பு வந்தபோது காலம் முடிந்துகொண்டிருந்தது. நோய் இரத்தப் புற்றுநோய். தமக்குப் பிறகு மனைவி பிழைக்க ஒரு வழி வேண்டும் என்று, டிட்டா மேடையில் வாசிப்பதற்காக மூன்றாம் பியானோக் கான்செர்டோவை எழுதினார். அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுக்க நினைத்த பரிசு அது. கடைசி 17 அளவுகளுக்கு மட்டும் வாத்தியக்குழுப் பகுதியை எழுதி முடிக்க முடியவில்லை. 1945 செப்டம்பர் 26ஆம் தேதி நியூயார்க் மருத்துவமனையில் 64 வயதில் காலமானார். மீதியை நண்பர் திபோர் ஷெர்லி முடித்தார். இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் சிலரே.

நியூயார்க்குக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல், 43 ஆண்டுகள் கழித்து, 1988 ஜூலையில் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு மரியாதையோடு, ஃபர்காஷ்ரேட் இடுகாட்டில் மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

நம் வீட்டுப் பியானோவுக்கு

பார்டோக்கின் வாழ்க்கையிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் எடுத்துக்கொள்ள நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. தேர்வுக்குரிய மூன்று உருப்படிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அவற்றோடு, தேர்வுக்கில்லாத இன்னொன்றும் எப்போதும் பியானோவின் மேல் இருக்க வேண்டும்.

மூன்றாம், நான்காம் கிரேடில் இருக்கும் பிள்ளைக்குச் ‘சிறுவர்களுக்காக’ தொகுப்பும் மைக்ரோகாஸ்மோஸ் மூன்றாம் புத்தகமும் ஏறக்குறைய பொருந்தும். ஐந்தாம் கிரேடை ஒட்டி ‘டிரான்சில்வேனியாவில் மாலைப்பொழுது’, மைக்ரோகாஸ்மோஸ் நான்காம் புத்தகம், ருமேனிய நடனங்களில் எளியவை ஆகியவற்றை எடுக்கலாம். ஏழு, எட்டாம் கிரேடில் ஐந்தாம் புத்தகமும் ‘சொனாட்டினா’வும் கைக்கு வரும். எட்டைத் தாண்டியவர்களுக்கு ஆறாம் புத்தகம் இருக்கிறது. இது தோராயக் கணக்குதான். கையின் அளவையும் பிள்ளையின் பழக்கத்தையும் பார்த்து ஆசிரியர் முடிவு செய்வார்.

இந்த உருப்படிகள் பெரும்பாலும் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். வாரத்துக்கு ஒன்றைப் புதிதாக எடுத்து, பார்த்தவுடன் வாசித்துப் பழகலாம். தேர்வில் பல பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கும் பார்த்து வாசித்தல் பகுதிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. வாசிக்குமுன் ஒருமுறை மெட்டைப் பாடிப் பார்ப்பது நல்லது. பார்டோக் தம் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையும் அதுதான். 1940இல் மைக்ரோகாஸ்மோஸின் பல உருப்படிகளை அவரே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் அதைக் கேட்டால், எந்த வேகத்தில், எவ்வளவு எளிமையாக அவர் வாசிக்கிறார் என்பது தெரியும்.

இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். புதிய உருப்படியைத் தேடிப் பார்டோக் போனது பாட்டிமார்களின் வாசலுக்கு. நம் வீடுகளிலும் பால்மரக் காட்டில் வேலை செய்த பாட்டிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்றைப் பேரப்பிள்ளை பியானோவில் ஒற்றை விரலால் தேடி எடுத்து, பிறகு இடக்கையில் இரண்டு சுரங்களைச் சேர்த்துப் பார்க்கட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அது அப்படியில்லை, இப்படி என்று திருத்துவார். அந்த மாலையில் பிள்ளை கற்பதற்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் அடுத்த முறை மாமா வந்து வாசிக்கச் சொல்லும்போது, பிள்ளையின் கைவசம் ஒன்று இருக்கும்.